வெளியிடுபவர் பெயர்

பிரிண்டரின் பின்பக்கக் கதவை அப்புறம் திறக்கலாம் தம்பி. முதலில் ட்ரேயைப் பாருங்கள். தாள் சிக்கினால் முதலில் ட்ரே, அடுத்து தாளை இழுக்கும் சின்ன ரோலர், கடைசியாகத்தான் பின்பக்கம். நான் சொல்லவில்லை, உங்கள் கம்பெனிப் புத்தகம் சொல்கிறது. பக்கம் முப்பத்தொன்று. நாற்பத்தாறு பக்கத்தையும் மூன்று தடவை படித்திருக்கிறேன். இந்தக் கட்டடத்தில் அதைப் படித்த ஒரே ஆள் நான்தான்.

சிரிக்காதீர்கள். நல்ல புத்தகம் அது. ஆங்கிலம்தான், அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஜெயிலில் கற்ற ஆங்கிலம். இடது பக்கம் பிரச்சினை, வலது பக்கம் செய்ய வேண்டியது, நடுவில் ஒரு கோடு. எழுதியவன் பெயரைத்தான் எங்கேயும் போடவில்லை. எங்கள் மாநிலக் கமிட்டி ஒரு நாளாவது இவ்வளவு தெளிவாக எழுதியதில்லை.

நான் இப்படித்தான் பேசுவேன். துண்டறிக்கை எழுதி எழுதி நாக்கும் அச்சுப் பிடித்துவிட்டது. மீன் வாங்கப் போனால்கூட இதே பேச்சுத்தான். என் மனைவி ரோசம்மாள் சொல்வாள்: "சாளை என்ன வெலன்னு கேக்கச் சொன்னா, மைக்கு பிடிச்ச மாதிரி கேக்காக. மீன்காரி கும்பிடு போட்டுட்டு வெலய ஏத்திட்டா."

உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? நாகூர்கனி. மேலப்பாளையமா? நல்லது. நான் சந்தியாகு. இந்த உப்பளத் தொழிலாளர் சங்கத்துக்குப் பிரச்சாரச் செயலாளர். முப்பத்திநான்கு வருஷம். பெயரைப் பார்த்து வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன் என்று நினைக்க வேண்டாம். பெயர் அப்பா வைத்தது, மற்றதெல்லாம் நான் படித்தது. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. மீதி முழுக்க நாலணாப் பிரசுரங்கள்.

இந்த விரலா? டீ கொட்டிவிட்டது. ஒன்றுமில்லை.

தாள் எப்படி இருக்கிறது? ஈரமில்லையே? ஓரத் தடுப்பு இரண்டும் தாளைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறதா? நிற்கும். அளவுக் கோட்டுக்கு மேலே ஒரு தாள் இருக்காது. அது வெயிலுகந்தாள் அடுக்கிய கட்டு.

வெயிலுகந்தாளை உங்களுக்குத் தெரியும். காலையில் போனில் உங்களைக் கூப்பிட்டவள். எங்கள் சங்கத்துச் செயலாளர். செயலாளராகிப் பதினான்கு மாதம் ஆகிறது. எட்டாம் வகுப்பு. இருபது வருஷமாக உப்பு வாருகிறாள். இந்த நிமிஷம்கூட முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பாத்தியில் நின்று வாரிக்கொண்டுதான் இருப்பாள். நல்ல பெண். நான் யாரைப் பற்றியும் குறை சொல்வதில்லை.

இந்தப் பிரிண்டரும் அவள் யோசனைதான். கமிட்டியில் எழுந்து சொன்னாள்: "ஒவ்வொரு நோட்டீசுக்கும் அச்சகத்துல மூணு நாளு காத்துக் கெடக்கோம் அண்ணாச்சி. நாம அடிச்சு முடிக்கதுக்குள்ள மொதலாளி முந்திக்கிடுதான்." கை தூக்கச் சொன்னார்கள். பதினோரு கை மேலே போனது. பன்னிரண்டாவது கை என்னுடையது. அது மேஜைமேலேயே இருந்தது.

முதல் மாதம் முழுக்கத் தாள் சிக்கியது. இரண்டு தாள், மூன்று தாள் ஒட்டிக்கொண்டு உள்ளே போயின. இது கடலோர ஊர் தம்பி, அதிலும் உப்புக் காற்று. பிரித்த கட்டை இரண்டு நாள் வெளியே வைத்தால் தாள் பழைய இட்லி மாதிரி ஆகிவிடும். "மெஷின் நமக்கு ஒத்து வராது" என்று நான் கமிட்டியில் அறிக்கை வைத்தேன். ஒன்றரைப் பக்கம். அவள் ட்ரேயிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "ஈரம் கோத்திருக்கு" என்றாள். கன்னத்தில்! நான் அகராதி வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் பக்கத்தில் படித்ததை அவள் கன்னத்தில் படித்துவிட்டாள்.

மறுநாள் அந்தக் கட்டைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து அளத்துக்குக் கொண்டுபோனாள். வரப்பில் சாக்கு விரித்து, தாளைப் பரத்தி, பறக்காமல் இருக்க மேலே உப்புக்கட்டி வைத்து, சாப்பாட்டு நேரத்துக்குள் காயவைத்துவிட்டாள். வெயிலில் காய்ந்தால் ஓரம் சுருளும் இல்லையா? அதற்கும் வழி வைத்திருந்தாள். அதோ அந்த டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு ராத்திரி அமுக்கி வைத்தாள். பிறகு பெட்டிக்குள்ளேயே மூடிவைக்கப் பழக்கினாள். அன்றிலிருந்து ஓடுகிறது. கமிட்டியில் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கட்டைப் பிரித்து ஜன்னலோரம் வைத்தது யார் என்கிறீர்களா? நான்தான். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று வைத்தேன். மற்றதைக் கடல் செய்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் அப்படி வைக்கக்கூடாது என்று போட்டிருக்கிறது, உண்மைதான். அது வேறு விஷயம்.

டீ சொல்லியிருக்கிறேன், வரும். ரோலரை அந்தத் துணியால் துடையுங்கள், அதில் தூசி இருக்கலாம். பின்பக்கத்துக்கு என்ன அவசரம்? சூடு ஆறட்டும். காலையிலேயே அணைத்தாயிற்று, ஆறியிருக்கும் என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும்.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் பல அலுவலகம் போகிறவர். ஒரு நோட்டீஸ் நல்ல நோட்டீஸ் என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஆதாரம் இருக்க வேண்டும். வரலாறு இருக்க வேண்டும். நான் எழுதினால் நான்கு பக்கம். ரோஸ் தாளில். இந்த ஊரில் ரோஸ் தாள் என்றால் எங்கள் சங்கம், குழந்தைக்கும் தெரியும். 'உப்பும் உழைப்பும்: ஒரு வரலாற்றுப் பார்வை' என்று இந்த வாரம் ஒன்று எழுதியிருக்கிறேன். உப்பு வரியிலிருந்து ஆரம்பித்து, நான்காம் பக்கத்தில் இன்றைய கோரிக்கைக்கு வருகிறேன். கோரிக்கை ஒன்றுதான்: அளத்தில் பெண்கள் உட்கார ஒரு நிழல் கூரை.

அவள் எழுதியிருப்பது என்ன தெரியுமா? அரைப் பக்கம். கேளுங்கள், எனக்கு மனப்பாடம்.

"நின்னா வெயிலு. உக்காந்தா வெயிலு. பிள்ளைக்குப் பால் குடுத்தா வெயிலு. ஒரு கூரை கேக்கோம். நாளைக்குக் காலையில வேலைக்கு எறங்காம அளத்து ரோட்டுல உக்காருவோம். குடை இருந்தா கொண்டு வாங்க."

இவ்வளவுதான். முடிந்தது. இது எழுத்தா? தெருவில் பேசுவதை அப்படியே தாளில் கொட்டினால் எழுத்தாகிவிடுமா? நேற்று கீழே மந்திரம் என்பவரின் டீக்கடையில் அவள் இதை வாசித்துக் காட்டினாள். மந்திரம் கேட்டார்: "ஏம்மா, வெயிலுகந்தாளுக்கே வெயிலு ஒத்துக்கிடலைன்னா நாங்கள்லாம் எங்க போக?" கடையே சிரித்தது. அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டு எல்லோரும் என்ன பேசினார்கள்? யார் யார் வீட்டில் எத்தனை குடை இருக்கிறது என்று பேசினார்கள். ஒரு கிழவி, குடை இல்லாதவள், ஓலைப் பெட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வருகிறேன் என்றாள். முப்பத்திநான்கு வருஷத்தில் என் அறிக்கையைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை தம்பி. ஒருவரும் இல்லை. சிரிக்கிற மாதிரி நான் எழுதுவதில்லை, அது வேறு.

போன மாதம் குடிதண்ணீர் நோட்டீஸ் கொடுத்தோம். அவளுடையதும் கொடுத்தோம், என்னுடையதும் கொடுத்தோம். நான் பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அவளுடையது இருநூறு போனது. தரையில் கிடந்தது ஏழு. ஏழே ஏழு. மற்றதெல்லாம் நாலாக மடித்து ரவிக்கைக்குள்ளும் பர்சுக்குள்ளும் போயிற்று. ஒருத்தி வேளாங்கண்ணி மாதா படத்தோடு சேர்த்து வைத்தாள். என்னுடையதை நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் வரவில்லை, தரை முழுக்க ரோஸாகக் கிடந்தது. ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டு மரியாதைக்குச் சொன்னாள்: "ஒங்க நோட்டீசு கருவாடு பொதிய நல்லா இருக்கு அண்ணாச்சி. பெருசுல்லா."

இதற்கெல்லாம் நான் வருத்தப்படவில்லை. மக்கள் பக்குவப்பட நாளாகும். இன்று காலை நடந்தது வேறு.

அந்தக் குடையா? கதவோரம் இருப்பதா? அது சும்மா இருக்கிறது. மழை வந்தால் வேண்டுமே. சித்திரையில் என்ன மழை என்றா கேட்கிறீர்கள்? பார்த்துக்கொண்டே இருங்கள், வரும். நேற்றுத்தான் கம்பி மாற்றி வாங்கி வந்தேன். அதை விடுங்கள்.

காலை நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். துண்டறிக்கை எதுவானாலும் கடைசி வரியில் ஒரு பெயர் இருக்க வேண்டும். 'வெளியிடுபவர்: இன்னார்.' சட்டம் அது. பெயர் இல்லாத நோட்டீஸ் மொட்டைக் கடிதாசிக்குச் சமம். முதலாளி கோபப்பட்டு ஸ்டேஷனுக்குப் போன் செய்தால், போலீஸ் வந்து மேலே எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. கடைசி வரியைத்தான் படிப்பார்கள். அந்தப் பெயரைத்தான் தேடி வருவார்கள். முப்பத்திநான்கு வருஷமாக அந்த வரியில் இருக்கும் பெயர் சந்தியாகு. நான்கு தடவை உள்ளே போயிருக்கிறேன். வாசலில் ஜீப் நின்றதும் ரோசம்மாள் கதவைத் திறப்பதற்கு முன்னால் என் வேட்டியை மடித்துப் பையில் வைத்துவிடுவாள். அப்படிப் பழகிவிட்டோம்.

எண்பத்தொன்பதில் ஒன்று நடந்தது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஷெட்டில் அந்தோணியம்மாள் என்ற பெண்ணின் சேலை பெல்ட்டில் சிக்கி, கை போனது. முழங்கையோடு. பெல்ட்டுக்கு மூடி கிடையாது. முதலாளி ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து ரிப்போர்ட் எழுத வைத்தார். கிட்டத்தட்ட உங்களை மாதிரிதான், பையும் பேடும் வைத்துக்கொண்டு ஒருவர். நீங்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் என்ன எழுதினார்? 'காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.' இரண்டு சொல்லில் அவள் கையை அவளே வெட்டிக்கொண்டதாக ஆக்கிவிட்டார். அன்று நான் எழுதினேன் பாருங்கள், 'கவனக்குறைவு யாருடையது?' என்று. அடியில் என் பெயர். பன்னிரண்டு நாள் உள்ளே வைத்தார்கள். எட்டு மாதம் அந்தச் சொல்லோடு சண்டை போட்டேன். கடைசியில் அதிகாரி முன்னால் அந்த மெக்கானிக்கே பேனாவை எடுத்து அந்த இரண்டு சொல்லையும் அடித்தார். அந்தோணியம்மாளுக்கு நஷ்டஈடு வந்தது. அந்த அறிக்கையில் யாரும் கருவாடு பொதியவில்லை தம்பி.

இப்போது காலைக்கு வருகிறேன். ஆறு மணிக்கு அளத்துக்குப் போகும் வழியில் அவள் வந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து நோட்டீஸை மூன்று நகல் ஓட்டிப் பார்த்தாள். கோடு இல்லாமல், கறை இல்லாமல் வந்தது. "ரெண்டாயிரம் போட்டிருங்க அண்ணாச்சி. நாலு மணிக்குப் பஸ் ஸ்டாப்புல குடுக்கணும். நாளைக்கு விட்டா மொதலாளி உப்பு லோடு ஏத்தி அனுப்பிருவான்" என்றாள். நான் நகலை வாங்கிப் படித்தேன். பழக்கம், கடைசி வரியைத்தான் முதலில் பார்ப்பேன்.

'வெளியிடுபவர்: வெயிலுகந்தாள்.'

நான் கேட்டேன்: "இது என்ன?"

அவள் சோற்று வாளியைக் கையில் மாட்டிக்கொண்டே சொல்கிறாள்: "நாளைக்கு ரோட்ட மறிச்சா போலீஸ் வரும்லா அண்ணாச்சி. ஒங்க பேரு இருந்தா ஒங்கள இழுத்துட்டுப் போவான். இந்த வயசுல ஸ்டேஷன் பெஞ்சில எதுக்கு உக்காரணும்? ரோசம்மா மைனியும் சொல்லி அழுதாவ. நான் போறேன். எனக்கு என்ன, ரெண்டு நாளு நெழல்ல இருப்பேன்."

சிரித்துக்கொண்டே சொன்னாள். என் பெயரின் ஐந்து எழுத்தையும் பறித்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே. என் வீட்டுக்காரியிடமும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறாள். ரோசம்மாள் என்னிடம் அழுததில்லை, அவளிடம் போய் அழுதிருக்கிறாள். பதினான்கு மாதம்! போலீஸ் தேடி வருகிற பெயராவதற்கு எனக்கு எத்தனை வருஷம் ஆயிற்று தெரியுமா? முதல் தடவை என்னைப் பிடித்துக்கொண்டு போய், பெயர் கேட்டு, "இது பெரிய ஆளு இல்லப்பா" என்று சாயங்காலமே விட்டுவிட்டார்கள். அந்த அவமானத்தையும் பட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தேன். அவளுக்கு ஒரே நோட்டீஸில் கிடைத்துவிடுமா?

என்ன தம்பி? திறந்துவிட்டீர்களா?

சரி. திறந்தாயிற்று.

ஆமாம், ரோஸ்.

ரோஸ் தாள்தான். ட்ரேயில் வெள்ளைத் தாள், உள்ளே ரோஸ் தாள், எப்படி என்று கேட்கிறீர்கள். நீங்கள் கெட்டிக்காரர். நான்தான் போட்டேன். அவள் தெருமுனை திரும்பியதும் அவள் அடுக்கிய கட்டை அப்படியே வெளியே எடுத்தேன். என் ரோஸ் தாளை வைத்தேன். என் அறிக்கையை ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்து பென் டிரைவில் வைத்திருந்தேன். நான்கு மணிக்கு எது தயாராக இருக்கிறதோ அதைத்தானே கொடுத்தாக வேண்டும்? நான்கு பக்கம், அடியில் என் பெயர். போலீஸ் வரட்டும். வந்து யாரைத் தேடுகிறார்கள் பார்ப்போம் என்று.

பதினோரு தாள் வந்தது. அழகாகத்தான் வந்தது. பன்னிரண்டாவது உள்ளே போனது, வரவில்லை. ரோஸ் தாள் மெல்லிசு. அறுபது கிராமுக்குக் குறைந்த தாள் போடக்கூடாது, பக்கம் ஒன்பது. சூட்டில் சுருண்டு அந்தச் சூடான உருளையைச் சேலை மாதிரி சுற்றிக்கொண்டது. ஒரு வாடை வந்தது, விளக்கு சிவந்தது, மெஷின் நின்றுவிட்டது. அவள் கட்டைத் திரும்ப ட்ரேயில் வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்து "மெஷின் தானாக நின்றுவிட்டது" என்றேன். அளத்தில் காற்று இரைச்சல். அதற்குள்ளிருந்து அவள் கத்துகிறாள்: "உள்ளக் கைய விடாதீக அண்ணாச்சி, சுட்ரும்! கம்பெனிக்காரன நான் கூப்பிடுதேன்." விரலில் டீ கொட்டவில்லை. இதுதான்.

கீறலா? காட்டுங்கள்.

ஆமாம். மூன்று கீறல். உருளையின் மேல்தோல் கிழிந்திருக்கிறது. அந்த மூலையில் கிடக்கிறதே போஸ்டர் சுரண்டும் தகடு, அதனால் வந்தது. தாள் தானே சிக்கியது என்றால் உங்கள் கம்பெனி பொறுப்பு, தகடு பட்டது என்றால் எங்கள் பொறுப்பு. தெரியும் தம்பி, அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. அதனால்தான் உங்களை ட்ரேயிலேயே பிடித்து வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறது. இனிமேல் சங்கத்தின் அறிக்கைகளை யார் எழுதுவது என்பதுதான் அன்று பேச்சு. உங்கள் ரிப்போர்ட்டையும் அங்கே வாசிப்பார்கள். நான் உங்களிடம் கேட்கலாம் என்று இருந்தேன். 'மெஷின் கோளாறு' என்று எழுதிவிடுங்கள், உங்களுக்கு என்ன நஷ்டம் என்று. வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்தோணியம்மாள் கதையை ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அதைச் சொன்னபிறகு இதைக் கேட்க முடியவில்லை.

புது உருளை பையிலேயே இருக்கிறதா? போடுங்கள், போடுங்கள். எவ்வளவு நேரம் ஆகும்? அரை மணியா? இப்போது பதினொன்று. அப்படியானால் நான்கு மணிக்குள் இரண்டாயிரம் வந்துவிடும். வந்துவிடும், தெரிகிறது. நான் ஏன் கணக்குப் பார்க்கிறேன் என்று பார்க்காதீர்கள். டீயைக் குடியுங்கள், ஆறுகிறது.

*

முடித்துவிட்டீர்களா? எழுதியாயிற்றா? வாசியுங்கள், கேட்கிறேன்.

'காரணம்: பயன்படுத்தியவரின் கவனக்குறைவு.'

எனக்கு உதவி செய்வதாக நினைத்து எழுதியிருக்கிறீர்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. வயசானவர், தெரியாமல் செய்துவிட்டார், போகட்டும் என்று. நல்ல மனசு. மேலே என்ன போட்டிருக்கிறது, அதையும் வாசியுங்கள்.

'பயன்படுத்தியவர்: வெயிலுகந்தாள், செயலாளர்.'

பில் அவள் பெயரில் இருக்கிறது, கூப்பிட்டதும் அவள், அதனால் அவள் பெயர்தான் வரும் என்கிறீர்கள். விதி அப்படி. ஆகவே கவனக்குறைவு வெயிலுகந்தாளுடையது.

கொஞ்சம் பொறுங்கள். கார்பனை எடுத்துவிடாதீர்கள்.

இந்தத் தாள் ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக்குப் போகும். யாராவது வாசிப்பார்கள். அவள் எழுந்து, "நான் வெள்ளத் தாளுல்லா வச்சிட்டுப் போனேன்" என்பாள். மற்ற பத்துப் பேரும் அவளைப் பார்ப்பார்கள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். என்னை யாரும் கேட்கமாட்டார்கள். கேட்டாலும் அவள் கேட்க விடமாட்டாள். "அண்ணாச்சிய விடுங்க" என்பாள். நான் ஒரு சொல் பேச வேண்டியதில்லை. கம்பெனித் தாளே பேசிவிடும். அவள் அடுக்கின தாள், அவள் கன்னத்தில் வைத்துப் பார்த்த தாள், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வரி.

நல்ல வரிதான்.

இல்லை தம்பி. அடியுங்கள்.

அடியுங்கள் என்கிறேன். இரண்டையும். கவனக்குறைவு என்று என்னை எந்த முதலாளியும் எழுதியதில்லை, நீங்கள் எழுதக்கூடாது. கவனக்குறைவு இல்லை அது. தகடு எந்த இடத்தில் படக்கூடாது என்று நாற்பதாம் பக்கத்தில் படம் போட்டிருக்கிறது. ஒரு அம்புக்குறி, அதன்மேல் ஒரு பெருக்கல் குறி. அந்த இடத்தில்தான் வைத்தேன். தாளை எடுப்பதற்கு வைக்கவில்லை. தாள் வராது என்று தெரிந்தபிறகு, என்னுடையது வராவிட்டால் அவளுடையதும் வர வேண்டாம் என்று வைத்தேன். மூன்று தடவை. ரொம்பக் கவனமாகத்தான் செய்தேன்.

அந்தப் பெயரையும் அடியுங்கள். நோட்டீஸின் அடியில் அவள் பெயர். நாளை ஜீப்பில் ஏறப்போவதும் அவள். அளத்து ரோட்டில் இருநூறு குடை விரியும்போது எல்லோரும் சொல்லப்போவதும் அவள் பெயர். இதுவும் அவளுக்கா? நான் செய்த காரியத்துக்கும் மேலே அவள் பெயர்தானா?

பில் யார் பெயரில் இருந்தால் என்ன? நான் சொல்கிறேன், எழுதுங்கள். 'சங்கத்தின் பிரச்சாரச் செயலாளர் சந்தியாகு, மெல்லிய தாள் போடக்கூடாது என்று தெரிந்தே போட்டார். தகடு வைக்கக்கூடாத இடம் என்று தெரிந்தே தகட்டை வைத்தார்.' முற்றுப்புள்ளி. அவ்வளவுதான். பார்த்தீர்களா, இரண்டே வரி. எனக்கும் சுருக்கமாக எழுத வரும்.

இப்போது அந்தப் பச்சைப் பொத்தானை அமுக்குங்கள். அவள் நோட்டீஸ் கம்ப்யூட்டரில் திறந்தபடிதான் இருக்கிறது. இரண்டாயிரம் என்று போடுங்கள். ரோலர் இழுக்கிற சத்தம் சரியாக இருக்கிறதா? இருக்கிறது. வருகிறது பாருங்கள், வெள்ளை வெளேரென்று. சூடாக இருக்கும், தொடாதீர்கள், நானே அடுக்கிக்கொள்கிறேன். ஐம்பது ஐம்பதாக எடுத்து ஓரம் தட்ட வேண்டும், அவள் அப்படித்தான் செய்வாள்.

கையெழுத்தா? பேனாவைக் கொடுங்கள். ஆங்கிலத்தில் கிறுக்க மாட்டேன், தமிழில் எழுதுகிறேன், ஒவ்வொரு எழுத்தும் தெரியும்படி. கீழேதானே? கடைசி வரியில்? நல்லது. அங்கேதான் எனக்குப் பழக்கம்.

கார்பன் சரியாக விழுந்திருக்கிறதா? மூன்றாவது நகலைக் காட்டுங்கள், சங்கத்துக்குக் கொடுப்பது அதுதானே. வெளிச்சத்தில் பிடியுங்கள் தம்பி. பெயர் தெரிகிறதா?